ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிய கறி

கறியைக் குறைத்துவிட்டேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் மூன்று கேள்விகள் வரும். டாக்டர் சொல்லிவிட்டாரா? ஏதாவது வேண்டுதலா? வாடகைக்கு வீடு பார்க்கிறீர்களா? மூன்றாவது கேள்வி வெறும் கேலி அல்ல. கோவையில் வீட்டைச் சுற்றிக் காட்டி, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பதுவரை சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீங்கள் சைவம்தானே?" என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். எதைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கறியைக் குறைப்பது பற்றி எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வாயைத் திறந்ததுமே ஒரு பக்கத்து ஆளாக ஆகிவிடுவோம். 2014-ல் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கீழ் எடுத்த கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். மிச்சமுள்ள சொற்ப சதவீதத்தின் அடுக்களை வழக்கம்தான் சுத்தத்துக்கும் பண்புக்கும் அளவுகோலாக இன்றுவரை காட்டப்படுகிறது. 2003-ல் அன்றைய மாநில அரசு, 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கோயில்களில் கிடா வெட்டுவதைத் தடுக்கச் சொன்னது. கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்துவிட்ட கிடாய்கள் என்ன ஆவது என்று ஊர் ஊராகக் கொந்தளித்தார்கள். அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 2017 மே மாதம், சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் புதிய விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தபோது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. அதே வாரத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டிறைச்சி விருந்தில் கலந்துகொண்ட மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். இத்தனைக்கும் பிறகு ஒருவர் வந்து, "ஆடு பாவம், கோழி பாவம்" என்று ஆரம்பித்தால், கேட்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்கும் வரும்.

ஆகவே என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கறி சாப்பிடுகிறவள். இனியும் சாப்பிடுவேன். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போனால் எலும்புக் குழம்பில் இரண்டாம் கரண்டி கேட்பேன். கறி அசுத்தம் என்று யாராவது சொன்னால் அவரோடு எனக்குப் பேச்சில்லை. என் சண்டை கறியோடு அல்ல, தினமும் கறி என்ற வழக்கத்தோடு. அந்த வழக்கம் நம் மரபும் அல்ல, நம் உரிமைப் போராட்டமும் அல்ல. என் கண் முன்னால், ஏறக்குறைய என் வயதோடு சேர்ந்து வளர்ந்த ஒரு வியாபாரம் அது.

என் அம்மா சிறுமியாக இருந்தபோது வீட்டில் கோழி அடிப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். மாப்பிள்ளை வந்திருக்க வேண்டும், அல்லது கோழி முட்டையிடுவதை நிறுத்தியிருக்க வேண்டும். அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஒரு கோழியை அடித்தால் பத்துப் பேர் சாப்பிடுவார்கள். குழம்பில் தேங்காயும் கொத்தமல்லியும் அதிகம், கறி குறைவு. ஆட்டுக்கறி என்றால் நோம்பி, கெடா விருந்து, தீபாவளி. கணக்கு அவ்வளவுதான்.

பிறகு பிராய்லர் வந்தது. 1990-களில் உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரத்தில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பு பரவியது. மழை பொய்த்து, கிணறு வற்றி, பருத்தியும் கைவிட்ட காட்டுக்காரர்களுக்கு அது ஒரு வழியாகத் தெரிந்தது. கம்பெனி குஞ்சு தரும், தீவனம் தரும், மருந்து தரும், வளர்ந்ததும் வந்து பிடித்துக்கொண்டு போகும். கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் பண்ணைக்காரருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. 'குரோயிங் சார்ஜ்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இன்று பல்லடத்தைச் சுற்றி எந்தக் கிளைச் சாலையில் திரும்பினாலும் நீளமான தாழ்ந்த கூரைகள் தெரியும். இந்தியாவில் உற்பத்தியாகும் இறைச்சியில் ஏறக்குறைய பாதி இப்போது கோழிதான்.

விலை மலிந்ததும் காரணங்கள் தேவைப்படாமல் போயின. ஆனால் விலையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதை ஆண்கள் எழுதும் கட்டுரைகளில் நான் பார்த்ததில்லை: நேரம். வேலை முடிந்து ஆறரைக்கு வீடு திரும்புகிறவளுக்கு வாழைப்பூ ஆய்வது முக்கால் மணி நேரம். கீரை அரை மணி நேரம். தட்டைப்பயறு காலையிலேயே நினைவு வைத்து ஊறப்போட வேண்டும். கோழி அப்படியில்லை. கடைக்காரர் தோலுரித்து, நறுக்கித் தந்துவிடுவார். கழுவி, மசாலா பிசைந்து, குக்கரில் இரண்டு விசில். பிள்ளைகளும் முணுமுணுக்காமல் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் புதன்கிழமைக் கோழி அப்படித்தான் வந்தது. புதனோடு வெள்ளிக்கிழமை பிரியாணி சேர்ந்துகொண்டது. மதிய டப்பாவுக்கு முட்டை. ஞாயிறு ஆட்டுக்கறியோ மீனோ. யாரும் உட்கார்ந்து முடிவெடுத்துச் செய்ததல்ல இது.

இதைப் படிக்கும் சிலர் இந்நேரம் கேட்பார்கள்: இந்தியர்கள் சாப்பிடுவதே கொஞ்சம், அதையும் குறைக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குள் நுழையாத சூழலியல் பேச்சு எதுவும் நம் ஊருக்குப் பயன்படாது.

கால்நடைத் துறையின் 2023-24 கணக்குப்படி இந்தியாவில் தலைக்குக் கிடைக்கும் இறைச்சி ஆண்டுக்கு 7 கிலோவுக்குச் சற்று மேல். அமெரிக்காவில் அது 100 கிலோவைத் தாண்டும். 2019-ல் 'ஈட்–லான்செட்' என்ற பன்னாட்டு அறிவியலாளர் குழு, பூமிக்கும் உடம்புக்கும் ஒத்துவரக்கூடிய உணவு எது என்று ஒரு பரிந்துரை வெளியிட்டது: ஒரு நாளைக்குச் சிவப்பு இறைச்சி சுமார் 14 கிராம், கோழி 29 கிராம். இரண்டையும் கூட்டி ஆண்டுக்குப் பெருக்கினால் 15 கிலோவுக்கு மேல் வரும். அதாவது சராசரி இந்தியர் பூமிக்காகக் கறியைக் குறைக்க வேண்டிய நிலையில் இல்லை. அந்தப் பரிந்துரையின்படி பார்த்தால் இன்னும் ஒரு மடங்கு கூடுதலாகவே சாப்பிடலாம். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை என்கிறது தேசிய குடும்பநல ஆய்வு. பள்ளிக்கூடச் சத்துணவில் வாரம் 5 முட்டை கொடுக்கும் மாநிலம் இது. அந்த முட்டையில் கை வைக்கச் சொல்லும் எந்த அறநெறியும் எனக்கு வேண்டாம். அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அன்றைய நாளின் நல்ல புரதம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் சராசரி என்பது ஒளிந்துகொள்வதற்கு நல்ல இடம். சத்துணவு முட்டையையும் என் புதன்கிழமைக் கோழியையும் கூட்டி வகுத்தால் வருவதுதான் சராசரி. நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு கிலோவுக்குக் குறையாமல் கறி வாங்கிக்கொண்டிருந்தோம். தலைக்கு ஆண்டுக்கு 26 கிலோ. வெளியில் சாப்பிட்டது தனி. தேசியச் சராசரியைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். குறைக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்குப் பதில், குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்த கோழி எப்போதும் இருக்கும் வீட்டுக்காரர்கள் என்பதுதான்.

பூமிக்கு என்ன ஆகிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், எண்கள் எல்லோருக்கும் காதில் விழுந்தவைதான். கால்நடை வளர்ப்பால் வரும் பசுங்குடில் வாயுக்கள் மனிதர்களால் வெளியாகும் மொத்தத்தில் 14.5 சதவீதம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் கணக்கிட்டது. 2023-ல் வெளியிட்ட புதிய கணக்கில் அது சுமார் 12 சதவீதமாக இருந்தது. 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று 119 நாடுகளின் சுமார் 38,000 பண்ணைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. இறைச்சி, வளர்ப்பு மீன், முட்டை, பால் ஆகிய எல்லாமாகச் சேர்ந்து உலக விவசாய நிலத்தில் 83 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, நமக்குத் தருவது 37 சதவீதப் புரதமும் 18 சதவீதக் கலோரியும்தான் என்றது. ஆடு, மாடு போல அசைபோடும் விலங்குகளின் வயிற்றிலிருந்து மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சோற்றிலும் மீத்தேன் இருக்கிறதே என்று டெல்டாக்காரர்கள் கேட்கலாம். இருக்கிறது. தண்ணீர் நிற்கும் நெல் வயலும் மீத்தேன் விடத்தான் செய்கிறது.

இந்த உலகச் சராசரிகளை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் வைத்துப் பேச முடியாது. கரிசல் காட்டில் அறுவடை முடிந்த தட்டையையும் வேலிக்கருவைக் காயையும் தின்று வளரும் ஆட்டுக்காக யாரும் அமேசான் காட்டை அழிக்கவில்லை. ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,000 லிட்டர் தண்ணீர் என்று சுற்றிவரும் எண்ணிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புல்லிலும் தீவனப் பயிரிலும் விழும் மழைதான். குழாய்த் தண்ணீர் அல்ல. இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஊர் ஊராக ஓட்டிவந்து வயலில் கிடை போடும் ஆடுகள் நிலத்துக்கு உரம் கொடுத்துவிட்டுப் போகின்றன. ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கை கழுவவும் முடியாது. மேய்ச்சல் ஆடு மெதுவாக வளரும். அதன் வயிற்றிலிருந்து வரும் மீத்தேனைக் கறியின் எடையால் வகுத்தால் கிலோவுக்கு அதிகமாகவே வரும்.

அப்படியானால் கோழிக்கு மாறிவிடலாமே? மேலை நாடுகளில் சூழலியல் அக்கறை உள்ள பலரின் முடிவு அதுதான். கோழி அசைபோடுவதில்லை. ஆட்டுக்கறியைவிடக் கோழிக்கறியின் வாயு வெளியீடு கிலோவுக்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வாதம் சரியாகத்தான் இருக்கிறது, கோழிப் பண்ணைக்குள் போகாதவரை.

என் தாய்மாமன் பல்லடத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கொட்டகை வைத்திருக்கிறார். சிறுவயதில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் குஞ்சு இறக்கும் நாள்தான் எங்களுக்குக் கொண்டாட்டம். அட்டைப் பெட்டிகளில் மஞ்சள் பஞ்சு உருண்டைகளாக வரும். ஒன்று 40 கிராமைத் தாண்டாது. எடுத்து எடுத்து விடுவோம். பிறகு ஊருக்குத் திரும்பிவிடுவோம். வளர்ந்த கோழியை அந்தக் கொட்டகைக்குள் நின்று நான் பார்த்தது, திருமணமாகிப் பல வருடங்கள் கழித்து ஒரு சித்திரை மாதத்தில்தான்.

வாசலில் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். முதலில் தாக்குவது கண்ணைக் கரிக்கும் அமோனியா வாடை. தரை முழுக்கத் தேங்காய் மஞ்சு, அதாவது நார்த்தூள். காலையில் மாமா அதைக் கிளறிவிட்டிருந்தும் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே கட்டி தட்டிப்போயிருந்தது. முப்பத்தைந்து நாள் கோழிகள். நடுவில் நடந்தால் விலகுகின்றன, ஆனால் ஓடவில்லை. இரண்டடி எடுத்து வைத்துவிட்டு நெஞ்சு தரையில் படும்படி உட்கார்ந்துகொள்கின்றன. வெயிலுக்கு வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. மாமா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நிற்காது" என்று சொல்லித் தனியாக வைத்தார். வாசலில் தொங்கிய நோட்டில் அன்றைய கணக்கில் ஒன்று கூடியது.

என்னை உலுக்கியது இதில் எதுவும் அல்ல, சத்தம். இரண்டு கிலோவை நெருங்கும் அந்த உடம்புகளிலிருந்து வந்துகொண்டிருந்தது 'கீச் கீச்' என்ற குஞ்சுக் குரல். கொக்கரிப்பு இல்லை, கூவல் இல்லை. யோசித்தால் அது இயல்புதான். ஐந்து வாரக் கோழி குஞ்சுதானே? ஒரு நாட்டுக்கோழி ஒன்றரை கிலோ வர ஐந்தாறு மாதம் ஆகும். இதுவோ நாற்பது நாளில் பிறந்த எடையைப் போல 50 மடங்கு ஆகிறது. எலும்பு, இருதயம், குரல் எதுவும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. கறி மட்டும் முன்னே ஓடிவிட்டது.

மாமா கொடுமைக்காரர் அல்ல. கோடையில் கூரை மேல் சாக்கு விரித்துத் தண்ணீர் தெளிக்கிறார், இரவில் மின்சாரம் போனால் எழுந்து ஓடுகிறார். கோழிகள் செத்தால் அவருக்குத்தான் நட்டம். கோளாறு அவர் கையில் இல்லை, அந்தக் கோழியின் பிறப்பிலேயே இருக்கிறது. வேகமாக வளர்வதற்கென்றே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம். இவற்றின் தாய்க்கோழிகளுக்கு வயிறாரத் தீனி போட முடியாது என்பது பலருக்குத் தெரியாது. முட்டையிடும் வயதுவரை அவை உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், அளந்து, பசியோடு வைத்திருப்பார்கள். வயிறு நிறையத் தின்றால் அந்த உடம்பே அவற்றைக் கொன்றுவிடும்.

இந்த இடத்தில்தான் பூமியின் கணக்கும் உயிர்களின் கணக்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. வாரம் ஒரு கிலோ கறி வாங்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆட்டுக்கறியாக இருந்தால் ஆண்டுக்கு நான்கைந்து ஆடுகள். கோழியாக இருந்தால் நாற்பதை நெருங்கும் கோழிகள். ஆடு கொஞ்ச காலமாவது வெயிலில் மேய்ந்து, முட்டி மோதி வாழ்ந்திருக்கும். கோழிக்கு அதுவும் இல்லை. ஆட்டிலிருந்து கோழிக்கு மாறினால் வாயு குறையும், துன்பம் பெருகும். கோழியிலிருந்து ஆட்டுக்கு மாறினால் தலைகீழ். இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் இறங்குவதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: இரண்டையும் குறைவாகச் சாப்பிடுவது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை, கால்குலேட்டர் போதுமானதாக இருந்தது.

முட்டையும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. நாமக்கல்லில் கூண்டுக்குள் இருக்கும் முட்டைக்கோழிக்குக் கிடைக்கும் இடம் நாம் அச்செடுக்கும் ஏ4 தாளின் அளவுகூட இல்லை. இந்தியச் சட்ட ஆணையம் 2017-ல் தன் 269-வது அறிக்கையில் இந்தக் கூண்டுகளுக்கு எதிராகவே எழுதியது. முட்டையிடும் இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் பிறந்த அன்றே அழிக்கப்படுகின்றன. ஜெர்மனி 2022 முதல் இதைத் தடை செய்திருக்கிறது. நோய் வராமலும் எடை கூடவும் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் வேறு. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின், 2019-ல் தடை செய்யப்படும்வரை, இந்த நாட்டில் கோழித் தீவனத்தில் கலக்கப்பட்டுவந்தது. தீவனம் என்றதும் மக்காச்சோளமும் சோயாவும் நினைவுக்கு வருகின்றன. பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளமாக விதைத்துத் தள்ளுவதும், 2018-ல் படைப்புழு வந்து அந்தச் சோளத்தை மேய்ந்ததும், 2021-ல் சோயா விலை எகிறி மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன்வரை இறக்குமதி செய்துகொள்ள மத்திய அரசு அனுமதித்ததும், எல்லாம் என் குக்கரின் இரண்டு விசிலோடு சம்பந்தப்பட்ட செய்திகள்தான்.

"நீ ஒருத்தி குறைத்தால் உலகம் மாறிவிடுமா?" என்று என் கணவர் கேட்டார். இதற்கு எங்கள் மாமாவே பதில் வைத்திருந்தார். புரட்டாசியில் கறிக்கோழி விலை விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாமக்கல் முட்டை விலையும் இறங்கும். மாமா சொன்னது அதற்கு முந்தைய விஷயம். புரட்டாசிக்கு விற்பனைக்கு வர வேண்டிய குஞ்சை ஆடியிலும் ஆவணியிலும் இறக்கும்போதே கம்பெனி இழுத்துப் பிடிக்குமாம். ஒரு பேட்ச்சுக்கும் அடுத்த பேட்ச்சுக்கும் நடுவில் கொட்டகை வழக்கத்தைவிட அதிக நாள் காலியாகக் கிடக்கும். பெருமாளுக்காக யாரோ சாப்பிடாமல் இருக்கப்போகிறார்கள் என்பதற்காக இங்கே குஞ்சு பொரிக்கப்படாமல் இருக்கிறது. தின்கிறவர் இல்லையென்றால் விற்கிறவரும் இருக்க மாட்டார் என்று வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் சொன்னதை, பொருளாதாரம் படித்தவர்கள் வேறு பெயர்களில் சொல்வார்கள். பல்லடத்தில் அது வருடந்தோறும் நடக்கிறது.

நம் வீடுகளில் குறைத்துச் சாப்பிடும் நாள்காட்டி ஏற்கெனவே இருந்தது என்பதைத்தான் புரட்டாசி எனக்கு நினைவூட்டியது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, சிலருக்குச் சனி. கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம். யாரும் கறியைக் கைவிடவில்லை. தள்ளி வைத்துச் சாப்பிட்டார்கள். பக்தி இல்லாத என்னைப் போன்றவர்கள் அந்த நாள்காட்டியைத் தூக்கி எறிந்தபோது, அதனோடு இருந்த இடைவெளியையும் சேர்த்து எறிந்துவிட்டோம். எனக்கு அந்த இடைவெளி வேண்டும், விரதம் வேண்டாம். மேலே இருந்து திணிக்கும் இடைவெளியும் வேண்டாம். வள்ளலார் நினைவு நாளிலும் மகாவீரர் ஜெயந்தியிலும் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வருகிறது. முந்தின நாள் மாலை கடைகளில் கூட்டத்தைப் பார்த்தால் கொல்லாமை எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியும்.

வள்ளலாரை உத்தரவுக்குள் அடைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையே இல்லை. புலால் உண்பவர்களை 'புற இனத்தார்' என்று கடுமையாகச் சொன்னவர் அவர். ஆனால் அவர்களுக்கும் பசி என்றால் சோறு போட வேண்டும் என்றார். 1867-ல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியவர், சாதியையும் கொலையையும் ஒரே மூச்சில் மறுத்தவர். சைவம் என்ற பெயரில் வாசலில் ஆள் பிரிக்கும் வீட்டுக்காரர்கள் அவர் படத்தை மாட்டிக்கொள்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கறி இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும். விருந்துக்குப் போனால் பரிமாறியதைச் சாப்பிடுவோம், நோம்பி நோம்பிதான். பிரகடனம் எதுவும் செய்யவில்லை. புதன்கிழமையை முதலில் காலி செய்தேன். கோழி எந்த நேரத்தை மிச்சப்படுத்தியதோ அந்த நேரத்தை வேறு எங்காவது கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வழி பழையதுதான்: ஞாயிறு இரவு கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை மூன்றையும் ஊறவைத்து, வேகவைத்துப் பெட்டிகளில் எடுத்து வைத்துவிடுவது. அதை யார் செய்வது என்பதில் ஒரு சிறு போர் நடந்தது. இப்போது கணவர் செய்கிறார். உலகம் மாறுமா என்று கேட்டவருக்கு அடுப்படியில் பதில் கிடைத்தது.

ருசியைப் பற்றி எனக்கு ஒரு கட்சி உண்டு. பள்ளிபாளையம் சிக்கனில் நாம் விரும்புவது பாதிக்கு மேல் பள்ளிபாளையத்தைத்தான், சிக்கனை அல்ல. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதங்கி, விதை நீக்கிய வரமிளகாய் நிறம் விட்டு, தேங்காய்ப் பல் ஓரம் சிவக்கும்போது வரும் மணத்துக்குக் கோழி எதையும் செய்வதில்லை. பிராய்லர் கோழிக்குச் சொந்தமாக வாசனையே கிடையாது. அதே வாணலியில் காளானைப் போட்டேன், நின்றது. மீல்மேக்கரைப் போட்டேன், ஊறவைத்து நன்றாகப் பிழியாவிட்டால் ரப்பர், பிழிந்தால் தேவலாம். சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுவதில் செய்யும் பொருள் அது, கோழித் தீவனத்துக்குப் போகும் புண்ணாக்குக்கு உடன்பிறப்பு. நடுவில் கோழி இல்லாமல் நேராக நம் தட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான். கொள்ளுப் பருப்பும் ரசமும் இருந்தால் என் மாமியார் கறியைத் தேடவே மாட்டார். பையன் தேடுவான். அவனுக்கு வயது பதினான்கு, வளர்கிற உடம்பு. அவனுக்கு முட்டை உண்டு. ஞாயிற்றுக் குழம்பில் கறியும் முன்பு போட்டதில் பாதிதான், மிச்சத்துக்கு முருங்கைக்காய். அம்மிச்சியின் விகிதம் அது.

கடலோரக்காரர்கள் மீனைப் பற்றிக் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வைத்தும் கடல் எப்படி இருக்கிறது என்பதை அவர்கள் எழுதினால்தான் சரியாக இருக்கும். நான் மேட்டுக்காட்டுக்காரி.

பாலைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்த நாட்டின் சைவம் பாலில்தான் மிதக்கிறது. 'ஈட்–லான்செட்' குழு ஒரு நாளைக்குப் பரிந்துரைத்தது 250 கிராம் பால், உச்ச வரம்பு 500. இந்தியாவில் தலைக்குக் கிடைப்பது 2023-24 கணக்கில் 471 கிராம். கறியில் நாம் வரம்புக்கு வெகு கீழே. பாலில் உச்ச வரம்பைத் தொடப்போகிறோம். உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடு இது. எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசை நாடுகளில் ஒன்று. இரண்டும் ஒரே தொழுவத்திலிருந்து வருகின்றன. கறவை நின்ற எருமையும் கடாக்கன்றும் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? நெய்யில் மணக்கும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மீன் வாசனைக்கு முகம் சுளிப்பவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். தேநீரில் எனக்கு இன்னும் பால் வேண்டியிருக்கிறது. தயிரை ஒரு வேளையாக்கியிருக்கிறேன், பனீர் வாங்குவதில்லை. கறியைக் குறைத்த இடத்தை பனீரால் நிரப்பினால், மாட்டை முன் வாசல் வழியாக அனுப்பிவிட்டுப் பின் வாசல் வழியாகக் கூப்பிட்டதாகிவிடும்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். என் பேச்சு அவர் பிழைப்பின் மேல் வைக்கும் கல் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் கோபப்படவில்லை. நான் கடையில் இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கும் கிலோவில் அவருக்குக் கூலியாக வருவது பத்து ரூபாயை எட்டினால் அதிர்ஷ்டம் என்றார். தீவனம் தின்ற அளவுக்கு எடை வரவில்லை என்று எஃப்.சி.ஆர். என்ற தீவன-எடை விகிதக் கணக்கைக் காட்டி அதிலும் பிடிப்பார்கள். கொட்டகைக்கு வாங்கிய கடன் முடியும்வரை வேறு எதையும் யோசிப்பதற்கில்லை. "நாட்டுக்கோழிக்கு மாறலாமே மாமா?" என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். ஈமு கோழி வளர்த்தால் லாபம் என்று ஆசை காட்டிப் பணம் வாங்கிய கம்பெனிகள் 2012-ல் இந்தச் சுற்றுவட்டாரத்தையே மொட்டையடித்துவிட்டுப் போனதை அவர் மறக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நகையை விற்று அதில் போட்டார். புது வழி சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் மாமா முதலில் செருப்பைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். சாப்பிடுகிறவர்கள் பாதியாகக் குறைத்துவிட்டு கிலோவுக்கு அதே பழைய விலையைக் கொடுத்தால் அவர் கெட்டுப்போவார். பாதி சாப்பிட்டு, இரண்டு மடங்கு விலை கொடுத்து, அது கம்பெனிக்குப் போகாமல் அவர் கைக்குப் போனால் மட்டுமே இந்தப் பேச்சுக்கு ஓர் அர்த்தம் உண்டு. அதற்கு வேண்டிய சந்தை இன்று இல்லை. ஊருக்கு ஓர் உழவர் சந்தை வைத்த அரசு, காய்கறிக்குச் செய்ததைக் கோழிக்கும் செய்யலாம்.

மாமா வீட்டுத் தென்னைமரங்களுக்குக் கீழே, அத்தையின் கணக்கில், ஒரு இருபது முப்பது நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. கம்பெனிக்குத் தெரியாமல்தான், நோய் பரவும் என்று பண்ணை வைத்திருப்பவர்கள் வேறு கோழி வளர்க்கவே கூடாது. ஊருக்குப் போகும்போது ஞாயிற்றுக்கிழமைக்கு அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வருகிறேன். கடை விலையைவிட அதிகம் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. தாய்மாமன் மருமகளிடம் கோழிக்குக் காசு வாங்குவதா என்பது அவருடைய கொள்கை. இதுவரை அவர் கொள்கைதான் ஜெயித்து வருகிறது. போதாததற்குத் தேங்காயும் பத்து போட்டு அனுப்புகிறார். அடுத்த முறை பணத்தை அத்தை கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர் வாங்கிக்கொள்வார் என்று நினைக்கிறேன்.